மணலில் வறுத்த ட்ரான்சிஸ்டர்கள்

கிரான் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேளாண்மை செய்கிறவர்களிடம் நிருஷா என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. "பெட்டி திருத்துற புள்ள" என்றால் போதும், அவள் புருஷன் மதுஷன் வீட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள்.

பெட்டி என்பது யானை வேலிப் பெட்டி. ஒரு பற்றரி, அதைப் பகலில் நிரப்ப ஒரு சோலார் தகடு, இரண்டுக்கும் பக்கத்தில் சோற்றுப் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. பற்றரியின் பன்னிரண்டு வோல்ட்டை அது ஆயிரக்கணக்கில் ஏற்றி, நொடிக்கொரு தரம் வேலிக் கம்பியில் அடிக்கும். அடிக்கும்போதெல்லாம் உள்ளே டிக், டிக் என்று சத்தம் கேட்கும். தும்பிக்கை பட்ட யானை பிளிறிக்கொண்டு திரும்பிவிடும். சத்தம் நின்றுபோனால் அது வெறும் கம்பி. மாட்டைக்கூட மறிக்காது.

நிருஷா ஆரையம்பதியில் பிறந்தவள். மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தாள். படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. கைத்தொலைபேசிக் கடையொன்றில் கொஞ்சக் காலம் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தாள். மதுஷனைக் கட்டிக் கிரானுக்கு வந்தபோது, பற்றவைக்கிற அயனையும் மீற்றரையும் பழைய பிஸ்கட் டின்னொன்றுக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். சமையல் குசினி யன்னலுக்குக் கீழே ஒரு மேசை. முதலில் றேடியோவும் காற்றாடியும் வந்தன. பிறகு வட்டையிலிருந்து, வயல்வெளியிலிருந்து, யாரோ ஒருவருடைய வேலிப் பெட்டி வந்தது. அதைத் திருத்திக் கொடுத்த நாளிலிருந்து வேறெதற்கும் நேரமிருக்கவில்லை.

நாட்டில் டொலர் தீர்ந்துபோன வருடம் வந்தது. எண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, பசளை உரத்துக்கு நாய் படாத பாடு. யானை விரட்டுகிற வெடிகூடக் கிடைக்கவில்லை. அந்தக் கோடைப் போகத்தில்தான் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கத் தொடங்கின. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் குற்றவாளி ஒன்றுதான். அலுமினியத் தகட்டில் இறுக்கியிருக்கும், இரண்டு விரல் அகல உலோகத் தொப்பி போட்ட ட்ரான்சிஸ்டர். சின்ன மின்னோட்டம் ஒன்றைக் கொடுத்தால் அதைப் பல மடங்காகப் பெருக்கித் தருவது அதன் வேலை. அந்தப் பெருக்கத்தைப் படித்த இடத்தில் நயம் என்பார்கள். ஐம்பது அறுபது மடங்கு பெருக்க வேண்டியது, பத்துப் பன்னிரண்டில் முனகிக்கொண்டு கிடந்தது.

அவள் ஏறாவூருக்கு பஸ் ஏறினாள். அங்கே அஸாமின் கடையில்தான் எப்போதும் உதிரிச் சாமான் வாங்குவாள்.

"இல்ல தங்கச்சி," என்றான் அஸாம். "கொழும்புலயே சாமான் இல்லையாம். எப்ப வரும் எண்டு கேட்டா அவனுகளுக்கே தெரியா."

"ஒண்டு ரெண்டாவது இல்லையா நானா?"

அவன் மேசை லாச்சியை இழுத்து இரண்டை எடுத்துக் காட்டினான். "இது இரிக்கி. ஆனா எடுக்காத. மேல எழுத்து மட்டுந்தான் அசல். உள்ள என்ன வெச்சிரிக்கானுகளோ! ரெண்டு பேருக்கு வித்து ஏச்சு வாங்கிட்டன்."

அவள் கெஞ்சி வாங்கிவந்தாள். இரண்டும் பூட்டிய அன்றைக்கே வெடித்தன. ஆனால் அன்று அஸாம் இன்னொன்றும் கொடுத்திருந்தான். பழைய பெட்டிகளிலிருந்தும் அம்ப்ளிஃபயர்களிலிருந்தும் கழற்றிப்போட்ட ட்ரான்சிஸ்டர்கள் ஒரு பை நிறைய. "குப்பையில போட இருந்தன். பழகிப் பாக்க வேணுமெண்டா அள்ளிக்கிட்டுப் போ."

அந்தக் குப்பையில்தான் அவளுக்கு அந்த விஷயம் தட்டுப்பட்டது. ஒரு ட்ரான்சிஸ்டர் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அயனை அதன் மேலேயே நெடுநேரம் வைத்து அழுத்திக் கழற்றினாள். ஆறிய பிறகு மீற்றரில் வைத்தால், நயம் முந்தி இருந்ததைவிடக் கூடியிருந்தது. மீற்றர் பிழை என்று நினைத்தாள். அடுத்த நாள் காலையிலும் அதே கணக்கு. இன்னொன்றை எடுத்துச் சுட்டாள். அதுவும் கூடியது.

பிறகு அவளுக்கு வேறு சிந்தனையே இல்லை. அயன் சூடு சமமாகப் பிடிக்காது. கச்சான் கடலை வறுக்கிற இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி, தணலில் வைத்து, மணலுக்குள் ட்ரான்சிஸ்டர்களைப் புதைத்தாள். சூட்டைக் கணக்குப் பார்க்க வெப்பமானி ஏது? ஈயக்கம்பியில் ஒரு துண்டை நறுக்கி மணலில் குத்திவைத்தாள். ஈயம் உருகத் தொடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது, விறகை இழுக்க வேண்டும். உருகப்போகிற பதத்தில் மினுங்கிக்கொண்டு நின்றால் சரி.

வட்டையிலிருந்து வந்த மதுஷன் சட்டியை எட்டிப் பார்த்தான். "என்ன, கச்சான் கடை போடப் போறியா?"

"இஞ்ச பாருங்க, பகிடி பண்ணாம மீற்றரப் பாருங்க."

பன்னிரண்டில் கிடந்தது நாற்பதைத் தாண்டி நின்றது. மதுஷனுக்கு நயமும் தெரியாது, கணக்கும் தெரியாது. ஆனால் மனைவியின் முகம் தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

வறுத்ததைப் பூட்டியதும் பெட்டிகள் மறுபடி டிக்கடிக்கத் தொடங்கின. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் அருமைநாயகமும் ஒருவர். மதுஷனின் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. உறவுமுறையில் மாமா. முழங்கால் வாதக்காரர், ஆனால் வரம்பில் நடந்தால் இளந்தாரிகள் பின்னால் ஓட வேண்டும். பெட்டி சத்தம்போட்டபோது அதைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"உயிர் வந்திட்டுகா புள்ள!" என்றார்.

இரண்டு கிழமை போகவில்லை, அதே பெட்டிகள் திரும்பி வந்தன. நயம் மறுபடி வடிந்திருந்தது.

நிருஷா ஏன் என்று தேடினாள். பற்றரி இணைப்பைப் பார்த்தாள், சுருள்களைப் பார்த்தாள். கடைசியில், நல்ல ட்ரான்சிஸ்டர் ஒன்றைத் தன் கையாலேயே கெடுத்துப் பார்த்தாள். பழைய அம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து எடுத்த, பழுதில்லாத ஒன்று. அதற்குள்ளே இருக்கிற மெல்லிய சந்தி ஒன்றுக்குத் தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நயம் அவள் கண் முன்னாலேயே ஐம்பதிலிருந்து நாற்பது, முப்பது என்று இறங்கியது. மணலில் வறுத்தாள், ஏறியது. மறுபடி தலைகீழாகக் கொடுத்தாள், இறங்கியது. அப்போது விளங்கிவிட்டது. பெட்டி ஒவ்வொரு தரம் டிக்கென்று அடிக்கும்போதும், அழுத்தம் எதிர்ப்பக்கமாகத் திரும்பி அந்தச் சந்தியைச் சுரண்டுகிறது. மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரேயொரு டயோட் போட்டிருந்தால் அதைத் தடுத்திருக்கலாம். பெட்டி செய்தவர்கள், யாரோ, எங்கேயோ, அதைப் போடாமல் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

பழைய றேடியோக்களிலிருந்து டயோட் கழற்றி எல்லாப் பெட்டிகளுக்கும் போட்டாள். இனிச் சுரண்டல் நிற்கும். ஆனால் அவளிடம் இருந்தவை எல்லாம் ஏற்கெனவே சுரண்டுப்பட்டு, வறுபட்டு வந்தவைதாம். மறுபடியும் ஒரு தரம் வறுக்காமல் பூட்ட முடியாது. முதல் தரம் வறுத்தால் நாற்பதுக்கு ஏறியது இரண்டாம் தரம் முப்பதோடு நின்றது. மூன்றாம் தரம் சில ஏறின, சில அசையவில்லை, சில மீற்றரில் ஒரு கணம் காட்டி மறுகணம் செத்தன. ஏன் சாகின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைப் பூட்டிக் கொடுக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது. அதை மறைக்காமல் எல்லாரிடமும் சொன்னாள்.

அருமைநாயகத்திடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மாமா, இது மூணாந்தரம் வறுத்தது. எப்ப விடும் எண்டு எனக்கே தெரியா. இத நம்பிக் கீழ படுக்காதேங்க. மரத்துல பரண் இருக்குத்தானே, அதில ஏறிப் படுங்க."

"இந்த முழங்காலோட மரம் ஏறவா புள்ள?" அவர் சிரித்தார். "கீழ வாடிக் குடிசைக்குள்ள தலமாட்டில வெச்சிக்கிட்டுப் படுப்பன். சத்தம் கேட்டுக்கிட்டே கிடக்கும். சத்தம் நிண்டா முழிப்பு வந்திரும்."

நெல்லில் பால் கட்டியிருந்த நாட்கள் அவை. யானைக்கு அந்த மணம் வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மதுஷன் வட்டையிலிருந்து சைக்கிளில் வந்தான். நிருஷா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் சைக்கிளை நிறுத்தவில்லை, அப்படியே விழவிட்டான்.

"அருமைநாயகம் மாமாவ யான அடிச்சிட்டுது."

"எங்க? ஆசுபத்திரிக்குக் கொண்டுபோட்டாங்களா?"

மதுஷன் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்று.

கம்பி அறுந்திருக்கவில்லை, தள்ளுப்பட்டிருந்தது. தனியன் யானை ஒன்று வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்து, வாடியை மிதித்து, வயலுக்குள் இறங்கியிருந்தது. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வேன் என்ற மனிதர் விழிக்கவில்லை. அல்லது விழித்தும் எழும்ப நேரமிருக்கவில்லை. அது யாருக்குத் தெரியும்.

செத்த வீட்டில் அவளை யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், "இந்தப் புள்ள இல்லாட்டி அவன் போன மாசமே போயிருப்பான்." ஆறுதலுக்குத்தான் சொன்னார். நிருஷா எழும்பிப் பின்வளவுக்குப் போய்விட்டாள்.

நசுங்கிய பெட்டியிலிருந்து ட்ரான்சிஸ்டரை மதுஷன் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். இரும்பறுக்கிற வாளால் அதன் தொப்பியை அறுத்து, பெருப்பிக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். உள்ளே சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாகச் சாம்பல் நிறச் சில்லு. அதிலிருந்து வெளியே போகிற மயிர்க் கம்பி சில்லை விட்டுக் கிளம்பி நின்றது. ஒட்டு விட்டுப்போயிருந்தது. நயத்தை ஏற்றிய அதே சூடுதான், ஒவ்வொரு தரமும் அந்த ஒட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கியிருக்கிறது. மீற்றரில் அது தெரியாது. கடைசி டிக் அடிக்கும் வரைக்கும் எந்த அடையாளமும் காட்டாது.

"யான அடிச்சது," என்றான் மதுஷன். "நீ அடிக்கல்ல."

"வறுத்தது நான்தானே."

அவள் சட்டியை எடுத்து மணலை வளவுக்குள் கொட்டினாள். மேசையைத் துணியால் மூடினாள்.

எட்டுச் சடங்கு முடிந்த மறுநாள் அருமைநாயகத்தின் மனைவி அன்னப்பூரணி வந்தாள். தலையில் ஒரு உரப்பை. அதை இறக்கி வைத்து அவிழ்த்தபோது, தட்டி நிமிர்த்திய அந்தத் தகரப் பெட்டி உள்ளே இருந்தது.

"இத ஒருக்காப் பாருகா புள்ள."

நிருஷா பின்னால் நகர்ந்தாள். "வேணாம் மாமி. நான் இனித் தொட மாட்டன்."

"நீ தொடாட்டி ஆரு தொடுற? வேளாண்மை இன்னும் நிக்குது. என்ட மகன் ரதீஸ் வட்டைக்குப் போறான். அப்பன் கிடந்த இடத்துலயே வாடி கட்டியிருக்கான். போகாத எண்டு காலப் புடிச்சிப் பாத்திட்டன், கேக்கானில்ல. பெட்டி இருந்தாலும் போவான், இல்லாட்டியும் போவான்."

"மாமி," என்றாள் நிருஷா. "மாமாட பெட்டி நிண்டது என்னால. நான் வறுத்துப் போட்டதுதான் உள்ள விட்டுப்போயிருந்திச்சு. நான் பாத்தன்."

அன்னப்பூரணி முந்தானையால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

"மதுஷன் சொன்னவன். அதுக்கு நான் என்ன செய்ய? உன்ன ஏசினா அந்த மனுசன் எழும்பி வருவாரா? திருத்தித் தா புள்ள. நான் இதில இருக்கன்."

அவள் சொன்னபடியே இருந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். வெயில் ஏறியது. நிருஷா பையிலிருந்த ட்ரான்சிஸ்டர்களையெல்லாம் கொட்டி ஒன்று விடாமல் அளந்தாள். ஒன்றும் தேறவில்லை. வறுபடாத, சுரண்டுப்படாத நல்லது ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அது மதுஷனின் வேலிப் பெட்டிக்குள் இருந்தது. தட்டுப்பாட்டுக்கு முந்தி வாங்கிய வேறு கம்பனிப் பெட்டி அது; செய்தவர்களே டயோட் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

மத்தியானம் மதுஷன் சாப்பிட வந்தபோது அதைத் தரச்சொல்லி அவள் கேட்டாள். சுற்றிவளைக்காமல் கேட்டாள். அவன் அன்னப்பூரணியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"அப்ப நம்மட வேளாண்மை?"

மதுஷன் கையைக் கழுவிவிட்டு, சோற்றைத் தொடாமல் வட்டைக்குப் போனான். பொழுது சாய முந்தித் தன் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

அந்தக் கிழமைக்குள்ளேயே யானைகள் மதுஷனின் வயலுக்குள் இறங்கின. அவன் மரத்தில் இருந்தான். தகரத்தை அடித்தான், கத்தினான், தீப்பந்தத்தை வீசினான். யானைகள் அவசரப்படவில்லை. தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம். காலையில் நிருஷா வரம்பில் நின்று பார்த்தபோது, வயல் முழுக்கக் குளம்போல் கால்தடங்களில் தண்ணீர் நின்றது. பக்கத்து வயலில் பெட்டி டிக்கடித்துக்கொண்டிருந்தது.

அருமைநாயகத்தின் வயலையாவது காப்பாற்றினோம் என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். வெட்டிச் சூடு மிதித்து நெல் பிரித்தபோது பாதிக்குமேல் பதர். உரம் காணாத நெல்லுக்குள் மணி பிடிக்கவில்லை. தூற்றத் தூற்றக் காற்றோடு போனது. ரதீஸ் களத்தில் நின்று ஒரு கை நெல்லை அள்ளி ஊதிப் பார்த்தான். அடுத்த மாதம் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அன்னப்பூரணி அந்த வயலைக் குத்தகைக்குக் கேட்பார்களா என்று பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அதில் புல்லும் நாயுருவியும்.

மறு வருடம் அஸாம் போனில் கூப்பிட்டான். "தங்கச்சி, அசல் சாமான் வந்திரிக்கி. எத்தின வேணும்?" அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம். அவள் போய் அள்ளிக்கொண்டுவந்தாள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து புதிய ட்ரான்சிஸ்டர் பூட்டினாள், டயோட் பூட்டினாள், கம்பி வரைக்கும் போய் அளந்து பார்த்தாள். எல்லாம் கச்சிதம். ஒரு போகம் ஆட்கள் ஓரளவு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அதற்குப் பிறகு யானைகள் படித்துக்கொண்டன. கம்பிதான் சுடும், அதைத் தாங்க நட்ட கட்டை சுடாது என்று கண்டுபிடித்துவிட்டன. காய்ந்த மரத்தைத் தள்ளிக் கம்பிமேல் விழுத்திவிட்டு, அதன் மேலால் ஏறி வந்தன. சில கொம்பன்கள் கட்டைகளைக் காலால் உதைத்துச் சாய்த்தன. எந்த ட்ரான்சிஸ்டரை எப்படி மாற்றினாலும் அதற்கு மருந்தில்லை. மதுஷன் அந்தப் போகம் பாதியில் விட்டுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போனான். போகும்போது அவள் அழவில்லை, அவனும் எப்போது வருவேன் என்று சொல்லவில்லை.

பெட்டிகள் இன்னும் வருகின்றன. போன கிழமை புதிதாக ஒருவர் வந்தார். பாலத்துக்கு அப்பால் வெகுதூரத்திலிருந்து, வெயிலில் சைக்கிள் உழக்கி வந்திருந்தார். நிருஷா பெட்டியைத் திறந்து அளந்தாள். நயம் சரி, அழுத்தம் சரி, அடி சரி. மூடிக் கொடுத்தாள்.

"பெட்டியில பிழை இல்ல அண்ணே."

"பிழை இல்லையா?" அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிழை இல்லாட்டி எப்பிடி உள்ள வருது?"

அவள் மரத்தைப் பற்றியும் கட்டையைப் பற்றியும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். எல்லாம் விளங்கிய பிறகும், "வேற ஒண்டும் மாத்திப் பூட்டேலாதா?" என்றார்.

"ஏலா அண்ணே."

அவர் ஒரு கோப்பை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் வேலியோரம் நின்றார். பிறகு பெட்டியைக் கரியரில் வைத்து, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்.